குழியில் இடித்த கார்: ஓட்டலாமா, ஏற்றிவிடலாமா?

தக்கலைப் பக்கம் குழியில் இடித்து ‘டங்’கென்று சத்தம் கேட்டால், ஓரங்கட்டி முதலில் சக்கரத்தைப் பாருங்கள். ஒரு சக்கரம் மட்டும் சாய்ந்தோ பின்தள்ளியோ நின்றால் லோயர் ஆர்ம் (சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கீழ்க் கை) வளைந்திருக்கலாம், ஓட்ட வேண்டாம். சமதளத்தில் ஹேண்ட்பிரேக் போட்டு, ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். கடகடவென ஆடினால் பால் ஜாயிண்ட்டோ (அந்தக் கையைச் சக்கரத்தோடு சேர்க்கும் உருண்டை மூட்டு) பேரிங்கோ போயிருக்கலாம். ஜாயிண்ட் கழன்றால் சக்கரம் மடங்கிவிடும், ஸ்டியரிங்கும் கேட்காது. அதனால் கயிறு கட்டி இழுப்பதும் ஆபத்துதான், காரை முழுசாக மேலே ஏற்றிச் செல்லும் ஃபிளாட்பெட் லாரியில் ஏற்றுங்கள். ஸ்பிரிங் உடைந்திருந்தாலும் அப்படியே, உடைந்த முனை டயரைக் கிழிக்கலாம்.

ஷாக் அப்சார்பரில் எண்ணெய்க் கசிவு மட்டுமா? 30 கிலோமீட்டர் வேகத்தில் பக்கத்து ஒர்க்‌ஷாப் வரை ஓட்டலாம். பலத்த காற்று வீசும் ஆரல்வாய்மொழிப் பக்கம் மட்டும் வேண்டாம், வண்டி அலைபாயும்.