கசிவு என்று சொல்வதற்கு முன் ஐந்தொகை போடுங்கள்

காரைக்குடியில் ஒரு பழைய வீட்டின் இரண்டாம் கட்டில் 5 சர்வர்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒரு காலத்தில் கல்யாணப் பந்தி நடந்த இடம்; இப்போது ஆத்தங்குடித் தளக்கல்லின் மேல் இரும்பு ரேக் நிற்கிறது. பழைய கணக்கேடுகளையும் கல்யாணப் படங்களையும் ஊர் ஊராகச் சேகரித்து ஸ்கேன் செய்யும் ஒரு சிறு நிறுவனம் தன் கோப்புகளை அதில்தான் வைத்திருக்கிறது. பல சர்வர்களின் வட்டுகளைச் சேர்த்து ஒரே சேமிப்பகமாக ஆக்கும் அந்த மென்பொருளின் பெயர் செஃப். (கேட்டவுடன் எங்கள் ஊரில் எல்லோரும் சமையல் சமாசாரம் என்றே நினைக்கிறார்கள். கணவாயும் ஆக்டோபஸும் சேர்ந்த செஃபலோபாட் இனத்தின் பெயரைச் சுருக்கி வைத்தது அது.)

ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு விடியற்காலையில் அங்கே வேலை பார்க்கும் தம்பி என்னை அழைத்தார். “அண்ணே, 7ஆம் ஓஎஸ்டி மறுபடியும் விழுந்துவிட்டது. நினைவகக் கசிவுதான், சந்தேகமே இல்லை. தினமும் இரவு 3 மணிக்கு எல்லா ஓஎஸ்டிகளையும் ரீஸ்டார்ட் செய்யும்படி கிரான் எழுதிவிடட்டுமா?”

“எதையும் தொடாமல் வையுங்கள் தம்பி, வருகிறேன்” என்றேன். அவர் சொன்ன சில வரிகளில் இந்தத் தொழிலின் பெரிய தவறுகள் பாதி அடங்கியிருந்தன. (கசிவு என்பது நிரல் தான் வாங்கிய நினைவகத்தை வேலை முடிந்தும் விடாமல் வைத்திருப்பது; கிரான் என்பது குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானே ஓட்டும் ஏற்பாடு.)

முதலில் ரீஸ்டார்ட். வட்டுக்கு ஒன்றாகப் பின்னணியில் ஓடும் நிரல், அதாவது டீமன்தான் ஓஎஸ்டி. அதை நிறுத்தி எழுப்பினால் நினைவகம் குறையும், அன்றிரவு நிம்மதியாகத் தூங்கலாம். ஆனால் எது வளர்ந்தது என்பதற்கான சான்று அந்த நினைவகத்துக்குள்தான் இருந்தது. அதையும் சேர்த்துத் துடைத்துவிடுகிறோம். போதாததற்கு, ஒவ்வொரு ரீஸ்டார்ட்டிலும் பிஜிகள் (தரவைப் பிரித்துவைக்கும் தொகுதிகள்) மறுபடி பியரிங் செய்ய வேண்டும், அதாவது பிரதிகள் தங்களுக்குள் நிலையை ஒத்துப்பார்க்க வேண்டும், விட்டுப்போன எழுத்துகளை மீட்க வேண்டும். இரண்டுமே நினைவகம் தின்னும் வேலைகள். 60 ஓஎஸ்டிகளை ஒரே நேரத்தில் எழுப்பினால் அத்தனை பிஜிகளும் ஒருங்கே நின்றுவிடும். ரீஸ்டார்ட் செய்தே ஆகவேண்டிய நிலை வந்தால், நோஅவுட் கொடியைப் போட்டுவிட்டு ஒன்றொன்றாகச் செய்யுங்கள். கொடி இல்லாமல் ஒரு ஓஎஸ்டி 10 நிமிடத்துக்கு மேல் கீழே கிடந்தால், இயல்பு அமைப்பில் கிளஸ்டர் (எல்லா சர்வர்களும் சேர்ந்த கூட்டம்) அதை வெளியேற்றித் தரவை இடம் மாற்றத் தொடங்கிவிடும்.

அடுத்தது, விழுந்தவன்தான் குற்றவாளி என்று நினைப்பது. நினைவகம் தீர்ந்ததும் இயங்குதளத்தின் கருவான கெர்னலில் இருக்கும் ஓஓஎம் கில்லர் பெரும்பாலும் அந்த நேரத்தில் அதிகம் வைத்திருப்பவனைச் சாய்க்கிறது. மெல்ல மெல்லக் கறந்துகொண்டிருப்பவன் பக்கத்தில் பத்திரமாக உட்கார்ந்திருக்கலாம். கெர்னல் பதிவைத் திறந்தால், சாய்ப்பதற்கு முன் ஒவ்வொரு புராசஸும் எவ்வளவு வைத்திருந்தது என்ற பட்டியல் அங்கேயே கிடக்கும். பெரும்பாலோர் கடைசி வரியை மட்டும் படித்துவிட்டு மூடிவிடுகிறார்கள்.

வளர்வதெல்லாம் கசிவு என்று நினைப்பதும் இப்படித்தான். புளூஸ்டோர் (ஓஎஸ்டி வட்டில் தரவை வைக்கும் முறை) ஓஎஸ்டிக்கு ‘ஓஎஸ்டி மெமரி டார்கெட்’ என்று ஓர் இலக்கு உண்டு. இயல்பாக 4 ஜிபி. எழுந்த புதிதில் ஓஎஸ்டி கொஞ்சமாகத் தொடங்கி, கேஷை (அடிக்கடி தேவைப்படுவதை நினைவகத்தில் வைத்துக்கொள்ளும் இடம்) நிரப்பிக்கொண்டே அந்த 4 வரை ஏறும். ஏறட்டும் என்றுதான் அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். எழுப்பிய 2 மணி நேரத்தில் வரைபடத்தைப் பார்த்துவிட்டுப் பதறுவதில் பயனில்லை. ஏறிச் சமநிலைக்கு வந்துவிட்டதா, நாள்தோறும் அதே சரிவில் ஏறிக்கொண்டே போகிறதா என்பதுதான் கேள்வி. ஒவ்வொரு நாளின் உச்சத்தைவிட, நள்ளிரவுக்குப் பின் சும்மா இருக்கும் நேரத்தின் குறைந்த அளவை ஒரு வாரம் குறித்துவையுங்கள். அந்தத் தரைமட்டம் உயர்ந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

அந்த இலக்கு ஓர் இலக்குதான், வேலி அல்ல என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். ஓஎஸ்டி தன் கேஷைச் சுருக்கி அந்த அளவுக்குள் இருக்க முயலும்; முடியாதபோது தாண்டும். மீட்புப் பணி நடக்கும்போது 20 சதவீதமாவது கூடுதல் இடம் விட்டுவைப்பது நல்லது. கண்டெய்னரில் ஓட்டுபவர்கள் கண்டெய்னரின் உச்சவரம்பையும் 4 ஜிபி என்றே எழுதிவிட்டு, தினமும் சாகிறதே என்று கேட்கிறார்கள்.

எங்கள் சர்வர்களிலும் இந்தக் கோளாறு பாதி இருந்தது. ஒவ்வொன்றிலும் 12 வட்டுகள், 64 ஜிபி நினைவகம். 12 பெருக்கல் 4, ஆக 48. இன்னும் 16 மிச்சம் என்று வாங்கும்போது கணக்குப் போட்டிருக்கிறார்கள். 20 சதவீதம் சேர்த்தால் 57.6. அதே சர்வரில் கிளஸ்டரின் நிலவரத்தைக் காக்கும் ஒரு மானிட்டர் டீமன், அதற்கு இயல்பு இலக்கு 2. ஒன்றில் எம்டிஎஸ் (கோப்புகளின் பெயர்களையும் அடைவுகளையும் பார்த்துக்கொள்ளும் டீமன்) வேறு, அதன் கேஷ் மட்டும் 4. இயங்குதளம் எங்கே உட்காரும்? எல்லாம் நலமாக இருக்கும் நாளில் ஓடும். ஒரு வட்டு போன நாளில் ஓடாது. இதில் கசிவு என்று ஒரு சொட்டுக்கூட இல்லை. இலக்கை 4இலிருந்து 3க்கு இறக்கலாம். ஆனால் 2க்குக் கீழே தள்ளாதீர்கள். ஓஎஸ்டி மூச்சுத் திணறும், உண்மையான கசிவு ஒன்று இருந்தால் அதுவும் அப்படியே இருக்கும்.

ஆனாலும் 7ஆம் ஓஎஸ்டியின் கதை அதோடு முடியவில்லை. மற்றவை 4, 5 என்று நிற்க, அது மட்டும் இறந்து எழுந்த ஒவ்வொரு முறையும் 11 ஜிபியைத் தாண்டியது.

எங்கள் ஐயா பினாங்கில் ஒரு வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, பிறகு கணக்குப் பார்த்தவர். பெட்டியில் பணம் குறைந்தால் யாரையும் திருடன் என்று சொல்வதற்கு முன் ஐந்தொகை போடவேண்டும் என்பார். வரவு, செலவு, கொடுத்தது, வாங்கியது எல்லாவற்றையும் தலைப்புவாரியாக எடுத்து எழுதி இரண்டு பக்கமும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதுதான் ஐந்தொகை. ஒத்துப்போகாத தொகை எவ்வளவு, எந்தத் தலைப்பில் என்று தெரிந்த பிறகுதான் பேச்சு. நினைவகத்துக்கும் நான் அதைத்தான் செய்கிறேன். டாப் கட்டளையின் திரையில் தெரியும் ஒற்றை எண்ணைப் பார்த்தே தீர்ப்புச் சொல்வதுதான் தவறுகளிலேயே மூத்தது.

இதற்கு மூன்று ஏடுகள் வேண்டும். முதலாவது, கெர்னல் சொல்லும் ரெசிடென்ட் அளவு. (அதன் பக்கத்தில் இருக்கும் விர்ச்சுவல் அளவைப் பார்த்துப் பயப்படாதீர்கள், கேட்டுவைத்த முகவரிகளின் நீளம் அது, பிடித்துவைத்த நினைவகம் அல்ல.) இரண்டாவது, ஓஎஸ்டியிடம் ‘ஹீப் ஸ்டாட்ஸ்’ கேட்டால் டிசிமல்லாக் (நிரலுக்கு நினைவகத்தைப் பங்கிட்டுக் கொடுக்கும் நூலகம்) தரும் கணக்கு: நிரல் உண்மையில் பயன்படுத்துவது எவ்வளவு, விடுவிக்கப்பட்டும் டிசிமல்லாக்கின் கையில் சும்மா இருப்பது எவ்வளவு, கெர்னலிடம் திருப்பித் தந்தது எவ்வளவு. மூன்றாவது ‘டம்ப் மெம்பூல்ஸ்’: ஓஎஸ்டி தானே தலைப்புவாரியாக எழுதிவைக்கும் பேரேடு. கேஷ் ஓனோட், பஃபர் அனான், ஓஎஸ்டி மேப், பிஜி லாக் என்று ஒவ்வொரு தலைப்பிலும் எத்தனை உருப்படிகள், எத்தனை பைட்டுகள் என்று இருக்கும்.

அன்று காலை 7ஆம் ஓஎஸ்டி மறுபடி விழுவதற்கு முன் எடுத்தது இது. ரெசிடென்ட் 11.2 ஜிபி. டிசிமல்லாக் கணக்கில் பயன்பாட்டில் 10.6, சும்மா இருப்பதும் மேல்செலவும் 0.6. கூட்டினால் 11.2, முதல் ஏடும் இரண்டாம் ஏடும் ஒத்துவிட்டன. மெம்பூல் மொத்தம் 9.4. பயன்பாட்டில் இருக்கும் 10.6இலிருந்து கழித்தால் தலைப்பில்லாத 1.2 நிற்கிறது. அந்த 9.4க்குள் பிஜி லாக் மட்டும் 8.1.

இந்த மூன்று இடங்களில் எது வீங்கியிருக்கிறது என்பதைப் பொறுத்து வைத்தியம் முற்றிலும் மாறும்.

சும்மா இருக்கும் பங்கு பெரிதாக இருந்தால் அது கசிவல்ல. நம் வீட்டு விசேஷத்துக்கு வரும் சமையல் மேஸ்திரியை நினைத்துப் பாருங்கள். காலைப் பலகாரம் முடிந்ததும் அண்டாக்களை வாடகைக் கடைக்கு அனுப்பமாட்டார். மதியப் பந்திக்கு வேண்டும் என்று கொட்டகையிலேயே கவிழ்த்து வைத்திருப்பார். டிசிமல்லாக்கும் அப்படித்தான். ‘ஹீப் ரிலீஸ்’ கட்டளை கொடுத்தால் காலியானவற்றைத் திருப்பி அனுப்பும். ஆனால் அடியில் ஒரு கரண்டி சாம்பார் இருந்தாலும் அந்த அண்டா போகாது. துண்டுபட்ட நினைவகத்தின் சங்கடம் அதுதான். திருப்பித் தந்ததைக் கெர்னலும் உடனே கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. இந்தக் கட்டளையை மணிக்கொரு முறை கிரானில் போட்டு வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். புளூஸ்டோர் அந்த வேலையைத் தானே அவ்வப்போது செய்துகொள்கிறது.

தலைப்பில்லாத இடைவெளி இருப்பதும் குற்றமல்ல. ராக்ஸ்டிபி (புளூஸ்டோர் உள்ளே பயன்படுத்தும் தரவுத்தளம்) வைத்திருப்பது முழுவதும் மெம்பூல் பேரேட்டில் ஏறுவதில்லை. ஆனால் அந்த 1.2 நாளை 1.9, மறுநாள் 2.6 என்று போனால் உண்மையான கசிவின் வாடை அடிக்கிறது. அப்போதுதான் ஹீப் புரொஃபைலரை (எந்தச் செயற்கூறு எவ்வளவு நினைவகம் கேட்டது என்று குறிக்கும் கருவி) எடுக்க வேண்டும், அதுவும் ஒரே ஒரு ஓஎஸ்டியில். எல்லாவற்றிலும் ஓடவிட்டால் கிளஸ்டரே தள்ளாடும். நிரலை மிகவும் மெதுவாக்கும் வால்கிரைண்ட் என்ற சோதனைக் கருவியை நடப்பில் இருக்கும் கிளஸ்டரில் ஓட்டும் யோசனை யாருக்காவது வந்தால் அன்போடு தடுத்துவிடுங்கள். புரொஃபைலர் தான் தொடங்கிய பிறகு ஒதுக்கப்பட்டதைத்தான் பார்க்கும். நேற்றே கசிந்துபோனது அதற்குத் தெரியாது. எனவே தொடங்கியதும் ஒரு டம்ப் (அந்த நேரத்துக் கணக்கின் பதிவு), சில மணி நேரம் கழித்து இன்னொன்று, பிறகு பிபிராஃப் கருவியில் முதலாவதை அடிப்படையாக வைத்து இரண்டையும் கழித்துப் பார்க்க வேண்டும். ஒற்றை டம்பை எடுத்து அதில் பெரியதாக இருப்பதைச் சுட்டிக்காட்டினால் கேஷைத்தான் சுட்டிக்காட்டுவீர்கள். டீபக் குறியீட்டுத் தொகுப்பை முன்கூட்டியே நிறுவிவையுங்கள். இல்லையென்றால் செயற்கூறுகளின் பெயருக்குப் பதில் வெறும் எண்கள்தான் வரும்.

எங்கள் விஷயத்தில் மூன்றாவது இடம், பெயருள்ள தலைப்பு. பிஜி லாக் என்பது ஒவ்வொரு பிஜியும் அண்மையில் நடந்த மாற்றங்களை எழுதிவைக்கும் சிட்டை. பிரதிகளில் ஒன்று பின்தங்கினால் அதைப் பார்த்துத்தான் சரிசெய்துகொள்ளும். பழைய பதிவுகளைக் கத்தரித்த பிறகும், ஒரே கோரிக்கை இரண்டு முறை வந்தால் அடையாளம் காண்பதற்காகச் சின்னக் குறிப்புகளை விட்டுவைக்கும். அவற்றை டூப்ஸ் என்கிறார்கள். இயல்பு எல்லை 3000. செஃப்பின் ஆக்டோபஸ், பசிபிக் வெளியீடுகள் புழக்கத்தில் இருந்த காலத்தில் இந்தக் குறிப்புகள் சரியாகக் கத்தரிக்கப்படாமல் குவியும் ஒரு பிழை இருந்தது. பிஜி எண்ணிக்கையைக் கூட்டிக் குறைத்த கிளஸ்டர்கள் பல அதில் மாட்டிக்கொண்டன. எங்களுடையதும் பசிபிக்கின் பழைய வெளியீடு, தானியங்கி பிஜி மாற்றமும் இயங்கிக்கொண்டிருந்தது.

ரீஸ்டார்ட் வேண்டாம் என்று நான் அலறியதன் முழுக் காரணம் இங்கேதான் இருக்கிறது. ஓஎஸ்டி எழும்போது இந்தச் சிட்டையை வட்டிலிருந்து நினைவகத்துக்கு ஏற்றுகிறது. குவியல் பெரிதாகிவிட்டால், ஓடிக்கொண்டிருந்தபோது சமாளித்த ஓஎஸ்டி, நிறுத்திய பிறகு எழவே முடியாமல் ஏற்றும்போதே நினைவகம் தீர்ந்து சாகும். கசிவு என்று கிரான் போட்டிருந்தால், ஒரு விடியற்காலையில் 60இல் எத்தனை எழுந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

இதற்கு ஓஎஸ்டி நிறுத்தப்பட்டிருக்கும்போதே வட்டில் நேரடியாக வேலை செய்யும் ஆப்ஜெக்ட்ஸ்டோர் கருவி இருக்கிறது. பழைய டூப்ஸைக் கத்தரிக்கும் கட்டளை அதில் உண்டு. நோஅவுட் போட்டு, கிளஸ்டர் முழு நலத்தில் இருக்கிறதா என்று பார்த்து, ஒவ்வொரு ஓஎஸ்டியாகச் செய்தோம். பிறகு பிழை திருத்தப்பட்ட வெளியீட்டுக்கு மாறினோம். மறுநாளே மாறவில்லை, ஒரு வாரம் பொறுத்தோம். இலக்கையும் வெளியீட்டையும் கெர்னலையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு எது பலித்தது என்று தெரியாமல் முழிப்பது எனக்குச் சொந்த அனுபவம்.

இன்னொன்று. அந்த ஓஎஸ்டி விழத் தொடங்குவதற்கு 3 வாரம் முன்பே படம் திறக்கத் தாமதமாகிறது என்று ஸ்கேன் பிரிவில் புகார் சொல்லியிருக்கிறார்கள். பிஜி லாக் வீங்க வீங்க, மொத்தத்தை இலக்குக்குள் வைக்க புளூஸ்டோர் தன் கேஷை ஒட்டச் சுருக்கியிருக்கிறது. மொத்த அளவு அப்போது ஒழுங்காகவே தெரிந்திருக்கும். நெட்வொர்க் கோளாறு என்று சொல்லி அந்தப் புகாரை மூடியிருந்தார்கள்.

ஓஎஸ்டி அல்லாத டீமன்களுக்கு வேறு வழக்கம். எம்டிஎஸ் தன் கேஷ் வரம்பைத் தாண்டினால் முதலில் கிளையண்டுகளை, அதாவது கோப்புகளைப் பயன்படுத்தும் கணினிகளைப் பாருங்கள்; கோப்பு உரிமைகளைத் திருப்பித் தராமல் வைத்திருக்கும் ஒரே ஒரு கிளையண்ட் போதும், கிளஸ்டரின் நலச் செய்தியிலேயே அது பெயரோடு வரும். மேனேஜர் டீமன் வளர்ந்தால் பைத்தான் மாட்யூல்களை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். பிஜிகள் வாரக்கணக்கில் நலமில்லாமல் கிடந்தால் மானிட்டர் கிளஸ்டரின் பழைய மேப்புகளைத் தூக்கி எறியாது. அங்கே மருந்து பிஜிகளுக்குத்தான். செஃப்புக்குப் பதில் குளஸ்டர்எஃப்எஸ் என்ற வேறு சேமிப்பு மென்பொருளை வைத்திருப்பவர்கள் யூஎஸ்ஆர்1 சிக்னல் அனுப்பி ஸ்டேட்டம்ப் (நிலைப் பதிவு) எடுக்கலாம், அதிலும் தலைப்புவாரியான கணக்கு இருக்கிறது.

தம்பி இப்போது தினமும் காலையில் மூன்று ஏட்டையும் எடுத்து ஒரு விரிதாளில் ஏற்றுகிறார். போன வாரம் எம்டிஎஸ் வரம்பைத் தாண்டியபோது என்னை அழைக்கவில்லை. முகப்பில் இருக்கும் பழைய ஸ்கேனர் கணினி ஒன்று 4 லட்சம் கோப்புகளின் உரிமையைப் பிடித்துவைத்திருந்ததைத் தானே கண்டுபிடித்து, அதன் மவுண்ட்டை அவிழ்த்துவிட்டார். பிறகு செய்தி மட்டும் அனுப்பினார்.