ஆபரேஷனுக்குப் பிறகு வரும் வலி: வீட்டில் நாம் செய்யும் தவறுகள்

அம்மாவுக்குப் பித்தப்பைக் கல்லுக்காக லேப்ராஸ்கோப்பி ஆபரேஷன் ஆன மறுநாள் ராத்திரி. வயிற்றில் நாலு சின்னத் துளைகள். அங்கேதான் வலிக்கும் என்று நாங்கள் தயாராக இருந்தோம். அம்மாவோ வலது தோளைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். "வயிறு பரவாயில்லடா, இந்தத் தோள்பட்டைதான் தாங்கல." மாரடைப்பு என்றே மாமா முடிவு கட்டிவிட்டார். நர்ஸ் வந்து நாடி, பிரஷர் எல்லாம் பார்த்துவிட்டு, "கேஸ் வலிம்மா, எழுந்து கொஞ்சம் நடங்க" என்றார்.

லேப்ராஸ்கோப்பியில் வயிற்றை உப்ப வைக்கக் கார்பன் டை ஆக்ஸைடு செலுத்துவார்கள். மிச்சம் தங்குகிற வாயு, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் தடுப்பாக இருக்கும் உதரவிதானத்தை உறுத்தும். அதற்கும் தோளுக்கும் போகிற நரம்புகள் கழுத்துத் தண்டுவடத்தில் ஏறக்குறைய ஒரே இடத்திலிருந்து கிளம்புவதால், மூளை அதைத் தோள்வலி என்று எடுத்துக்கொள்கிறது. மூன்றாம் நாள் அம்மாவுக்கு அது போயே போய்விட்டது.

அதற்குச் சில வருஷம் முன்னால் சித்தப்பாவுக்கு முழங்கால் மூட்டு மாற்றினார்கள். வீட்டுக்கு வந்த பிறகு, பத்தாம் நாள் வாக்கில், கெண்டைக்கால் இறுகி வலித்தது. படுத்தே கிடந்ததால் வந்த பிடிப்பு என்று தைலம் போட்டு இரண்டு நாள் அழுத்தி நீவிவிட்டோம். தையல் பிரிக்கப் போன இடத்தில் டாக்டர் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு நேராக ஸ்கேனுக்கு அனுப்பினார். காலின் ஆழத்தில் ஓடும் ரத்தக்குழாயில் (ஆழ்நாளம்) ரத்தக்கட்டி. நீவியதில் அது பிய்ந்து நுரையீரலுக்குப் போகாமல் இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். ஒரு காலில் மட்டும் கெண்டைக்கால் வீங்கி, சூடாகி, வலித்தால் அதில் கை வைக்காதீர்கள், அன்றைக்கே காட்டுங்கள். மூட்டு ஆபரேஷனுக்குப் பிறகு இந்த ஆபத்து பல வாரங்கள் இருக்கும்.

இரண்டு தடவையும் நாங்கள் பார்த்தது ஒன்றே ஒன்று: எவ்வளவு வலிக்கிறது? அதுதான் முதல் தவறு. வலியின் அளவு ஆளுக்கு ஆள் மாறும். அது ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். பொதுவாக முதல் இரண்டு மூன்று நாள் வலி உச்சத்தில் இருக்கும், அப்புறம் மெல்ல இறங்கும். இருமும்போதும் எழும்போதும் சுருக்கென்று இழுப்பது, சாயங்காலத்தில் கொஞ்சம் கூடுவது, தையலைச் சுற்றி மரத்துப்போவது, அரிப்பது எல்லாம் ஆறுகிற வழியில் வருபவைதான். இறங்கிக்கொண்டிருந்த வலி நாலாம் நாள், ஐந்தாம் நாள் திரும்ப ஏறி, சும்மா படுத்திருக்கும்போதே விண்விண் என்று தெறித்தால் அது வேறு கதை. புண்ணில் சீழ் பிடிப்பது பெரும்பாலும் இந்த நாட்களிலிருந்துதான் தலைகாட்டும்.

அடுத்த தவறு, காய்ச்சலை மாத்திரைக்குள் ஒளித்து வைப்பது. வலிக்கென்று கொடுக்கும் பாராசிட்டமால் காய்ச்சலையும் இறக்கிவிடும். மாத்திரை போட்ட ஒரு மணி நேரம் கழித்துத் தெர்மாமீட்டர் வைத்துவிட்டு "நார்மல்தான்" என்று சொல்வதில் பிரயோஜனமில்லை. அடுத்த வேளை மாத்திரைக்கு முன்னால் பாருங்கள். முதல் இரண்டு நாள் லேசாக உடம்பு சுடுவது சகஜம். அதன் பிறகு 100.4 டிகிரியைத் தாண்டினால், அதுவும் குளிர்நடுக்கத்தோடு வந்தால், டாக்டருக்குத் தெரிய வேண்டும்.

வலி மாத்திரை கிட்னியைக் கெடுக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பவர்களும் உண்டு. டைக்ளோஃபினாக் மாதிரி மாத்திரைகளில், கிட்னிக் கோளாறு உள்ளவர்களுக்கு அந்தப் பயம் நியாயமானதே. அதை எழுதிக் கொடுக்கும்போதே டாக்டரிடம் கேட்டுவிடலாம். ஆனால் வலிக்குப் பயந்து இழுத்து மூச்சு விடாமல், இருமாமல், நடக்காமல் கிடந்தால் நெஞ்சில் சளி கட்டி நிமோனியா வரைக்கும் போகலாம். இதற்கு நேர்மாறானது, கொடுத்த மாத்திரை கேட்கவில்லை என்று மெடிக்கலில் இன்னும் பவரானதாக வாங்கிப் போடுவது. கொடுத்த மாத்திரைக்கு வலி கேட்கவில்லை என்பதே டாக்டர் கேட்க வேண்டிய சேதி. மாவுக்கட்டு போட்ட கை காலில் இது இன்னும் அவசரம். விரலை நீட்டினாலே உயிர் போகிற வலி, விரல்கள் மரத்து வெளுத்துப்போவது என்றால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

புண்ணில் மஞ்சள், தேங்காய் எண்ணெய், பவுடர் எதுவும் வேண்டாம். முதல் சில நாள் கட்டுத்துணியில் லேசாக இளஞ்சிவப்பு நீர் படுவது இருக்கும். கெட்டியாக, மஞ்சளாக, நாற்றத்தோடு வந்தால் சீழ். சிவப்பு பரவுகிறதா என்று சந்தேகம் வந்தால் அதன் ஓரத்தைச் சுற்றிப் பேனாவால் ஒரு கோடு போட்டு வையுங்கள்; மறுநாள் சிவப்பு கோட்டைத் தாண்டியிருந்தால் சந்தேகம் தீர்ந்தது. பெரிய வயிற்று ஆபரேஷன் ஆனவர்களுக்கு ஐந்தாறு நாள் கழித்துத் திடீரென்று துணி நனைகிற அளவுக்கு இளஞ்சிவப்பு நீர் வந்தால், உள்தையல் விட்டுக்கொண்டிருக்கலாம். இதற்குப் பெரிய வலிகூட இருக்காது. சுத்தமான துணியால் மூடி, படுத்தபடியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். சர்க்கரை உள்ளவர்களுக்கும் அப்படித்தான்: நரம்பு மரத்திருந்தால் உள்ளே சீழ் வைத்தாலும் வலி தெரியாது. "வலியே இல்லையே" என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது, தினமும் புண்ணைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

பருப்பு சாப்பிட்டால் சீழ் வைக்கும் என்று எங்கள் பாட்டி ரசஞ்சோறாகவே போட்டார். புண் ஆறப் புரதம் வேண்டும் பாட்டி என்றால் கேட்டால்தானே!

முதுகில் மயக்க ஊசி போட்டவர்களுக்கு ஒரு தனித் தலைவலி வரலாம். உட்கார்ந்தால் மண்டை பிளக்கும், படுத்தால் விட்டுவிடும். தைலம் தடவிக்கொண்டு நாளைக் கடத்தாமல் சொல்லுங்கள், வைத்தியம் இருக்கிறது.

திடீரென்று மூச்சு வாங்குவது, நெஞ்சுவலி, அழுத்திப் பிடித்தும் நிற்காத ரத்தம் என்றால் யாரிடமும் கருத்துக் கேட்க வேண்டாம், நேராக 108. வயிறு உப்பி வாந்தி எடுத்து வாயுகூடப் பிரியவில்லை, அல்லது ஏழெட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை என்றாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

மற்றதற்குப் போன் செய்யலாம். ஆனால் "டாக்டர், ரொம்ப வலிக்குதாம்" என்று மட்டும் சொன்னால் அவர் என்ன செய்வார்? சித்தப்பா விஷயத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு பழைய டைரி வைத்திருக்கிறோம். அம்மாவின் மாத்திரை நேரம், காய்ச்சல், வலி பத்துக்கு எத்தனை என்று காலையும் மாலையும் அதில் ஏறியது. போன் செய்தபோது தங்கை அதைப் பார்த்துப் படித்தாள்: "இன்னைக்கு ஆறாம் நாள். முந்தாநாள் மூணு, இன்னைக்கு ஆறு. மாத்திரைக்கு முன்னாடி 101. தொப்புள் கிட்ட இருக்கிற தையல் மட்டும் சிவந்திருக்கு." அந்தப் பக்கம் டாக்டர் வேறு கேள்வி கேட்கவில்லை. "உடனே கூட்டிட்டு வாங்க" என்றார்.