போர் போடுவதற்கு முன்: பழைய ஆர்எக்ஸ் 100 இன்ஜினை வீட்டில் கட்டுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வடசென்னையில் தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை பக்கம் ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்து பாருங்கள். ஏதாவது ஒரு வாசலில் கோணிப்பை விரித்து, மண்ணெண்ணெய் டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு ஆர்எக்ஸ் 100 இன்ஜின் பிரிந்து கிடக்கும். அப்பா ஓட்டிய வண்டி, மாமா விட்டுப்போன வண்டி, எங்கேயோ கொட்டகையில் கிடந்து கைக்கு வந்த வண்டி. எஸ்கார்ட்ஸ் நிறுவனம் யமஹாவோடு சேர்ந்து 1985-இல் இறக்கிய டூ-ஸ்ட்ரோக் பைக் இது. 1996-இல் உற்பத்தி நின்றது. கடைசியாக வந்த வண்டிக்கே ஏறத்தாழ முப்பது வயது. அதைக் காயலான் கடைக்குப் போடாமல், பிரித்து மறுபடி கட்டி ஓட்ட வேண்டும் என்று நினைக்கிற பசங்களைப் பார்த்தால் எனக்கு உண்மையாகவே சந்தோஷம். அதே பசங்கள், எங்கள் செட்டு அந்தக் காலத்தில் செய்த தப்புகளை வரிசை மாறாமல் செய்வதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

நட்டு போல்ட்டைத் தனித்தனி டப்பாவில் போடுங்கள், கழற்றுவதற்கு முன் போட்டோ எடுங்கள் என்றெல்லாம் சொல்லப்போவதில்லை. அதை எல்லோரும் செய்கிறார்கள். யாரும் செய்யாததைச் சொல்கிறேன்.

காரணம் தெரியாமல் போர் போடுவது

பிஸ்டன் ஜாம் ஆனதும் எல்லோர் வாயிலும் வரும் முதல் வார்த்தை, "போர் போட்டுடலாம்." அதாவது, பிஸ்டன் ஓடுகிற சிலிண்டர் பிளாக்கின் உள்வட்டத்தைக் கடைந்து பெரிதாக்குவது. ஏன் ஜாம் ஆச்சு என்று கேட்கிற ஆள் இல்லை. பிளாக்கைக் கழற்றி லேத்துக்கு எடுத்துப்போய், அடுத்த சைஸ் பிஸ்டன் வாங்கி, மாட்டிவிட்டால் வேலை முடிந்ததாக நினைக்கிறார்கள். இந்த ஒரு பழக்கம் எத்தனை நல்ல பிளாக்குகளை ஒழித்திருக்கிறது என்று நினைத்தால் இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது.

இந்த இன்ஜினின் போர் 50 மி.மீ., ஸ்ட்ரோக்கும் 50 மி.மீ., மொத்தம் 98 சிசி. ஓவர்சைஸ் பிஸ்டன் 0.25, 0.50, 0.75, 1.00 என்று கால் மில்லிமீட்டர் கணக்கில் ஏறும். அந்தப் படி முடிந்தால் பிளாக்குக்குள் லைனர் என்கிற புது உறை போட வேண்டும். அப்படியானால் ஒரு பிளாக்குக்கு விதித்த ஆயுளே நாலு தடவை. அதிலும் ஆரம்பத்தில் ஜப்பானிலிருந்து வந்த பாகங்களோடு கட்டிய வண்டியின் பிளாக் கையில் இருந்தால், அதில் எடுக்கிற ஒவ்வொரு காலும் திரும்ப வராத காசு.

கொருக்குப்பேட்டைத் தம்பி ஒருவன் போன வருஷம் வந்தான். அப்பா ஹார்பரில் வேலை பார்த்தபோது வாங்கிய வண்டி. எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் முழு ஆக்சிலரேட்டரில் போகும்போது பின்சக்கரம் பிடித்து நின்றிருக்கிறது. லேத்தில் கொடுத்து 0.50 போட்டிருக்கிறார்கள். நிதானமாகத்தான் ஓட்டியிருக்கிறான், ஆனாலும் அதே சாலையில் மறுபடி ஜாம். உடனே 0.75. அதுவும் நிற்கவில்லை. 1.00 போடலாமா என்று கேட்கத்தான் என்னிடம் வந்தான், கேரி பேக்கில் பழைய பிஸ்டன்களோடு.

பிஸ்டன்களை வரிசையாக வைத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் கோடு ஒரே பக்கம்: எக்ஸாஸ்ட் பக்கம். அலுமினியம் உருகி, ரிங் பள்ளத்தின் மேல் இழுத்துப் பூசியதுபோல் கிடந்தது.

"ஜாம் ஆவறதுக்கு முன்னாடி ஐடிலிங் எப்படிடா இருந்துச்சு?"

"சூடானா ஆக்சிலரேட்டர விட்டாலும் இறங்காதுண்ணா. கொஞ்ச நேரம் ரைஸாவே நிக்கும். அப்புறமாதான் இறங்கும்."

"அதுக்கு என்ன பண்ண?"

"கார்ப்பரேட்டர் ட்யூன் பண்ணாங்கண்ணா."

வண்டி வாய்விட்டுச் சொல்லியிருக்கிறது, கேட்க ஆளில்லை. ஆக்சிலரேட்டரை விட்ட பிறகும் இன்ஜின் இறங்காமல் நின்றால், கார்ப்பரேட்டர் வழியாக இல்லாமல் வேறு எங்கிருந்தோ காற்று உள்ளே போகிறது என்பதே முதல் சந்தேகமாக இருக்க வேண்டும். டூ-ஸ்ட்ரோக்கில் பெட்ரோல்-காற்றுக் கலவை முதலில் பிஸ்டனுக்குக் கீழே இருக்கும் கிராங்க் கேஸுக்குள் போய், பிஸ்டன் இறங்கும்போது அங்கே அழுந்தித்தான் மேலே ஏறுகிறது. அந்தக் கேஸைக் காற்றுப் புகாமல் காப்பவை கிராங்க்கின் இரு முனையிலும் இருக்கும் ஆயில் சீல்கள். மேக்னட் (கிராங்க் முனையில் சுற்றும் காந்தச் சக்கரம்) பக்கம் வெறும் காற்று. அந்தச் சீல் விட்டால், பிஸ்டன் மேலே போகும் ஒவ்வொரு முறையும் காற்றை உறிஞ்சும். கலவையில் பெட்ரோல் குறையும், சூடு ஏறும், எக்ஸாஸ்ட் பக்கம் பிஸ்டன் ஊதிப் பிடித்துக்கொள்ளும். கிளட்ச் பக்கம் கியர் ஆயில். அந்தச் சீல் விட்டால் கியர் ஆயிலை உறிஞ்சி, தெருவே மறையும்படி வெள்ளைப் புகை விடும். கியர் ஆயில் அளவு குறைந்துகொண்டே வரும்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி தேவையில்லை. டாக்டர் கையில் கட்டி அமுக்குகிற பிபி கருவியின் பல்பும் டயலும் போதும். அதன் முள் 300-இல் நின்றால் ஏறத்தாழ 6 பிஎஸ்ஐ. பிஸ்டனை முழுக்கக் கீழே இறக்குங்கள், டிரான்ஸ்ஃபர் வழிகள் திறந்து கேஸும் சிலிண்டரும் ஒன்றாகிவிடும். பிளக் மாட்டியே இருக்கட்டும். எக்ஸாஸ்ட் வாயிலும் இன்டேக் வாயிலும் சைக்கிள் ட்யூப் ரப்பர் வைத்துத் தகடு போட்டு முடுக்குங்கள். ஆயில் பம்ப் ட்யூப் வந்து சேர்கிற துளை இருந்தால் அதையும் அடையுங்கள். இன்டேக் தகட்டில் ஒரு சின்னக் குழாய் விட்டு, பல்பை மாட்டி 300 வரை ஏற்றுங்கள். 6 பிஎஸ்ஐ, 6 நிமிஷம்: இதுதான் கணக்கு. முள் பெரிதாக அசையக் கூடாது. இறங்கினால் சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷில் தொட்டு பேஸ் பேக்கிங், ஹெட், கேஸ் ஜாயின்ட், மேக்னட் சீல் என்று ஒவ்வொன்றாகத் தடவுங்கள். கிளட்ச் பக்கத்துக்கு, கியர் ஆயில் மூடியைத் திறந்து அந்த வாயில் சோப்புப் படலம் விடுங்கள். சீல் விட்டிருந்தால் படலம் உப்பும்.

அதோடு நிறுத்திவிடாதீர்கள். சீலின் உதடு கேஸின் உள்பக்கம் பார்த்திருக்கும். உள்ளே அழுத்தம் ஏறினால் உதடு கிராங்க்கோடு ஒட்டிக்கொள்ளும், உறிஞ்சும்போது விலகும். அழுத்தத்தில் பாஸ் ஆகிற சீல் வேக்குவத்தில் ஃபெயில் ஆவது உண்டு. கையால் இழுக்கிற வேக்குவம் பம்ப் கிடைத்தால் அதையும் பார்த்துவிடுங்கள். ரீட் வால்வ் காற்றை உள்ளேதான் விடும், வெளியே விடாது; அதனால் வேக்குவத்தை எக்ஸாஸ்ட் பக்கத் தகட்டிலிருந்து இழுக்க வேண்டும்.

அந்தத் தம்பியின் வண்டியில் முள் கண்ணெதிரே சரிந்தது. மேக்னட்டைக் கழற்றி சோப்புத் தண்ணீர் தொட்டதும் சீலைச் சுற்றி நுரை பொங்கியது. நெம்பி எடுத்த சீலை நகத்தால் அழுத்திப் பார்க்கச் சொன்னேன். ரப்பரில் பள்ளமே விழவில்லை. ஓடாமல் கிடந்த வருஷங்களில் காய்ந்து மரத்துப்போயிருந்தது. போர், பிஸ்டன் என்று அவன் கொட்டிய காசோடு வைத்துப் பார்த்தால் அந்தச் சீலின் விலை ஒன்றுமே இல்லை. அவன் முகத்தைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது.

சீல் மாற்றும்போது கிராங்க்கை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். பேரிங்கில் ஆட்டம் இருந்தால் புதுச் சீலும் சீக்கிரம் போய்விடும்.

சோழவரம் ஓடுதளத்தில் ரேஸ் நடந்த காலத்து மெக்கானிக்குகள் பிஸ்டனைத் திருப்பிப் பார்த்தே நோயைச் சொல்லிவிடுவார்கள். நீங்களும் பழகிக்கொள்ளலாம். எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் கோடு என்றால் சூடு. காற்றுக் கசிவு, அடைத்த ஜெட் (கார்ப்பரேட்டரில் பெட்ரோல் வருகிற சின்னத் துளை), முன்கூட்டி வைத்த இக்னிஷன் டைமிங் என்று தேடுங்கள். நாலு மூலையிலும் கோடு என்றால், இன்ஜின் சூடாகும் முன்பே முறுக்கியிருக்கிறார்கள் அல்லது கிளியரன்ஸ் இறுக்கம். இன்டேக் பக்கம் மங்கிய சாம்பல் நிறத்தில் தேய்ந்திருந்தால் ஏர் ஃபில்டர் வழியாகத் தூசி போயிருக்கிறது. ஜாம் ஆன பிஸ்டனைத் தூக்கிப் போடாதீர்கள், லேத்தில் விட்டுவிட்டும் வராதீர்கள். காரணம் அதில்தான் எழுதியிருக்கிறது.

லேத்தில் பிளாக்கை மட்டும் கொடுப்பது

பிஸ்டனை முதலில் வாங்குங்கள், பிறகுதான் போர். பெட்டியில் 0.50 என்று அச்சடித்திருந்தாலும் பிஸ்டனுக்குப் பிஸ்டன் கொஞ்சம் வித்தியாசம் இருக்கும். இந்த சைஸ் பிஸ்டனுக்கு வேண்டிய கிளியரன்ஸ் ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்தால் அதில் மூன்று நாலு பங்குதான். அந்தப் பிஸ்டனையே மைக்ரோமீட்டரில் அளந்து, அதற்கேற்ப போர் போட வேண்டும். அளப்பது ஸ்கர்ட்டின், அதாவது பிஸ்டனின் கீழ்ப்பாதிச் சுவரின், கீழ்ப்பக்கம், பிஸ்டன் பின்னுக்குக் குறுக்காக. மேலே அளந்தால் தப்பு; பிஸ்டன் மேலே ஒடுங்கி, கீழே அகன்றிருக்கும்.

பிளாக் கைக்கு வந்ததும் உள்ளே விரலை விட்டு போர்ட் விளிம்புகளைத் தடவுங்கள். கத்திபோல் இருந்தால் அப்படியே மாட்டக் கூடாது. ரிங் அதில் மாட்டி உடையும். நைஸான கல்லால் விளிம்பை லேசாக மழுக்குங்கள். பல லேத்துகளில் இதைக் கேட்டால்தான் செய்கிறார்கள், கேட்காமல் விட்டால் விட்டதுதான்.

அப்புறம் பிளாக்கைச் சுடுதண்ணீரிலும் சோப்பிலும் கழுவுங்கள். பெட்ரோலில் கழுவினால் ஹோனிங் தூள் (போர் போட்டபின் உள்சுவரைக் கல்லால் தேய்த்த தூள்) போகாது. வெள்ளை பனியன் துணியில் ஆயில் தொட்டு உள்ளே துடைத்தால் துணி வெள்ளையாகவே வர வேண்டும். சாம்பல் நிறம் வருவது நிற்கும்வரை மறுபடி மறுபடி கழுவுங்கள்.

கழுவிய பிளாக்கை ராத்திரி அப்படியே வைப்பது

காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் ஆட்களுக்கு இது. கடற்காற்றில் புதிதாக ஹோன் செய்த இரும்பு ஒரே ராத்திரியில் செம்மண் நிறம் காட்டும். துடைத்த கையோடு உள்ளே 2டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் இன்ஜின் ஆயில்) தடவி, பிளாஸ்டிக் கவரில் சுற்றிக் கட்டுங்கள். கிராங்க்கும் பேரிங்கும் அப்படியே.

ஸ்டார் ஸ்க்ரூவைச் சாதா ஸ்க்ரூ டிரைவரில் திருகுவது

ஜப்பான் வண்டியின் கேஸ் ஸ்க்ரூக்கள் பார்க்கத்தான் பிலிப்ஸ்; உண்மையில் ஜேஐஎஸ் என்கிற ஜப்பான் தர அளவு. பல ஸ்க்ரூக்களின் தலையில் சின்னதாக ஒரு புள்ளி இருக்கும். பிலிப்ஸ் டிரைவர் அதில் முழுக்க உட்காராது, நழுவி ஏறித் தலையை வழித்துவிடும். ஜேஐஎஸ் பிட் வாங்குங்கள். இறுகிப்போனதற்கு, சுத்தியால் அடித்துத் திருகுகிற இம்பேக்ட் டிரைவர்.

மேக்னட்டைத் தட்டிக் கழற்றுவது

புல்லர் வாங்குங்கள். இது பிரஸ் செய்து கோத்த கிராங்க். ஒரு அடியில் நேர் போய்விடும்.

பிஸ்டன் பின்னைப் பிடிக்கும் பழைய சர்க்ளிப்பை மறுபடி போடுவது

கூடாது.

ரிங் முனையைப் பார்க்காமல் பிளாக்கை இறக்குவது

ஒவ்வொரு ரிங் பள்ளத்திலும் ஒரு குட்டிப் பின் இருக்கும். ரிங்கின் இரு முனையும் அந்தப் பின்னின் இரு பக்கமும் வந்து உட்கார வேண்டும். பிஸ்டன் மேல் இருக்கும் அம்புக்குறி எக்ஸாஸ்ட்டைப் பார்க்க வேண்டும். பிளாக் இறங்க மறுத்தால் தட்டாதீர்கள். ஏதோ ஒரு ரிங் பின்மேல் ஏறியிருக்கிறது.

ஆயில் பம்ப்பில் காற்று இருக்கும்போதே ஸ்டார்ட் செய்வது

பிரித்துக் கட்டிய இன்ஜினில் ஆயில் ட்யூப் முழுக்கக் காற்று. பம்ப் சுற்றும், ஆயில் போகாது, புதுப் பிஸ்டன் காய்ந்துபோய் ஓடும். பம்ப்பில் இருக்கும் பிளீட் ஸ்க்ரூவைத் தளர்த்தி, குமிழி இல்லாமல் ஆயில் வரும்வரை விட்டு மூடுங்கள். அதோடு முதல் டேங்க் பெட்ரோலில் லிட்டருக்கு 20 மில்லி 2டி ஆயிலைக் கையால் கலந்துவிடுங்கள். புகை கொஞ்சம் அதிகமாக வரும். அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டு ஓட்டுங்கள்.

பம்ப்பையே எடுத்துவிட்டு எப்போதும் பெட்ரோலில் கலந்து ஓட்டுவேன் என்கிறவர்களும் உண்டு. நல்ல நிலையில் இருக்கிற பம்ப்பை ஏன் எடுக்க வேண்டும்? ஆக்சிலரேட்டர் திறப்புக்குத் தகுந்தபடி ஆயில் விடுகிற வேலையை அது ஒழுங்காகச் செய்கிறது. அதன் கேபிள் அட்ஜஸ்ட்மென்ட்டை மட்டும் குறியோடு சரிபாருங்கள்.

பழைய ஜெட் அளவை அப்படியே நம்புவது

இப்போது பங்கில் போடுவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால், அன்றைக்குச் சரியாக இருந்த மெயின் ஜெட் இன்றைக்குக் கலவையைக் கொஞ்சம் வறட்சியாக்கும், அதாவது பெட்ரோல் குறைந்ததாக்கும். ரன்னிங் (கட்டிய இன்ஜினை நிதானமாக ஓட்டிப் பழக்குவது) முடிந்ததும் நல்ல வேகத்தில் ஓட்டி, அப்படியே கிளட்ச் பிடித்து இன்ஜினை ஆஃப் செய்து, பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். காபித்தூள் நிறம் சரி. வெளுத்திருந்தால் மெயின் ஜெட்டை ஒரு சைஸ் ஏற்றுங்கள். ஏற்றியும் வெளுப்பாகவே வந்தால் பிபி பல்பை மறுபடி மாட்டுங்கள்.

வண்டியை ரொம்ப நாள் நிறுத்துவதானால் பெட்ரோல் டேப்பை மூடி, கார்ப்பரேட்டர் கிண்ணத்தில் இருப்பதையும் வடித்துவிடுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்னும் அதிகமாக.

சைலன்சரை மறந்துவிடுவது

ஜாம் ஆகிற வரை ஓடிய வண்டியின் சைலன்சர் உள்குழாயில் கரி இறுகிக் கிடக்கும். புது இன்ஜினை அதில் மாட்டினால் இழுவையே இருக்காது, குறை மறுபடி போர் மேல் விழும். பின்பக்கத்து ஸ்க்ரூவை எடுத்து உள்குழாயை உருவி, கரியைச் சுரண்டி எடுத்துவிட்டு மாட்டுங்கள்.