ஆறட்டும் என்று விட்ட சட்டி: பிரிட்ஜில் எதை, எப்போது, எங்கே வைப்பது

போன தீபாவளிக்கு மறுநாள் சாயங்காலம் பினாங்கு ஜெலுத்தோங்கில் எங்கள் வீட்டில் கழிவறைக்கு வரிசை நின்றது. சந்தேகம் நேராக ஆட்டிறைச்சிப் பிரட்டல் மேல்தான் விழுந்தது. முதல் நாள் விருந்தாளிகள் எல்லாரும் போன பிறகு பெரிய சட்டியில் பாதி மிச்சம். "சூடா உள்ள வைக்காதே, ஐஸ் பெட்டி கெட்டுப் போயிடும்" என்று அம்மா காலங்காலமாகச் சொல்லி வந்ததால் அடுப்பு மேலேயே ஆற விட்டுவிட்டு, பாத்திரம் கழுவி, வீடு கூட்டி, நடுராத்திரி தாண்டி ஞாபகம் வந்து சட்டியோடு தூக்கி உள்ளே வைத்தேன். அப்போதும் அடியில் வெதுவெதுப்பு இருந்தது. மறுநாள் மணம் நன்றாகத்தான் இருந்தது, ருசி இன்னும் நன்றாக. அதுதான் வம்பே. வயிற்றைக் கெடுக்கிற கிருமி பெரும்பாலும் நாற்றம் காட்டுவதில்லை, முகர்ந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்கிற பழக்கம் அங்கே உதவாது.

ஆகவே எந்தத் தட்டில் எது என்பதற்கு முன்னால், எப்போது உள்ளே போக வேண்டும் என்பதைப் பேசிவிடுவோம். கிருமிகள் வேகமாகப் பெருகுவது 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை, வசதியான சூடு கிடைத்தால் சில வகைகள் 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரட்டிப்பாகும். பினாங்கில் நம் சமையலறை பகலில் 30 டிகிரிக்குக் குறைவாக இருப்பது மழை நாளில்தான். சமைத்த சாப்பாட்டை வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் விடாதே என்பது பொதுவான விதி, 32 டிகிரிக்கு மேல் போனால் அது 1 மணி நேரம். பெரிய சட்டிக் கறியில் இன்னொரு சிக்கலும் உண்டு. கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் என்ற கிருமியின் வித்துகள் கொதியிலும் சாகாது, சட்டி மெதுவாக ஆறும்போது காற்றுப் புகாத நடுப்பகுதியில் முளைத்துப் பெருகும். மேலே தொட்டால் ஆறியிருக்கும், நடுவில் இன்னும் இளஞ்சூடு, அதற்கு வேண்டியதும் அதுதான்.

செய்ய வேண்டியது கஷ்டமில்லை. சாப்பிட்டு முடித்ததும் மிச்சத்தை அகலமான, ஆழம் குறைந்த டப்பாக்களில் இரண்டு அங்குல உயரத்துக்கு மேல் போகாமல் பிரித்து ஊற்றுங்கள். அவசரம் என்றால் கழுவுதொட்டியில் ஐஸ் தண்ணீர் பிடித்து அதில் டப்பாவை இறக்கி அவ்வப்போது கிளறுங்கள். ஆவி அடங்கினால் போதும், உள்ளே வைக்கலாம், இளஞ்சூடு இருந்தாலும் பிரிட்ஜ் கெட்டுப் போகாது. அம்மா சொன்னது ஒரு விதத்தில் சரிதான், கொதிக்கிற முழுச் சட்டியை உள்ளே தள்ளினால் பக்கத்தில் இருக்கிற பால், மீன் எல்லாம் சூடாகும். ஆனால் அதற்கு மருந்து பிரித்து வைப்பது, ராத்திரி முழுக்கக் காத்திருப்பது அல்ல.

சோறும் அப்படியே, சொல்லப்போனால் இன்னும் மோசம். பேசில்லஸ் செரியஸ் என்ற கிருமியின் வித்துகள் அரிசி வெந்த பிறகும் உயிரோடு இருக்கும், சோற்றை வெளியே விட்டால் முளைத்து நஞ்சைக் கக்கும், வாந்தி வரவைக்கிற அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. ரைஸ் குக்கரை அணைத்துவிட்டு மூடியபடியே காலை வரை விட்டு அதில் நாசி கோரெங் (வறுத்த சோறு) கிண்டுவது நம் வீடுகளில் சகஜம். வேண்டாம். ஒரு மணி நேரத்துக்குள் டப்பாவில் போட்டு உள்ளே வையுங்கள், மறுநாளே தீர்த்துவிடுங்கள். (பழைய சோற்றுப் பிரியர்கள் சண்டைக்கு வர வேண்டாம், தண்ணீர் ஊற்றிப் புளிக்க வைப்பது வேறு விஷயம், அதை நான் தொடவில்லை.)

சரி, இப்போது பெட்டிக்குள் போவோம். உள்ளே இருக்கிற டயலில் 4 என்று வைத்தால் 4 டிகிரி என்று பல வருடம் நம்பிக்கொண்டிருந்த ஆள் நான். அந்த எண் டிகிரி அல்ல, எவ்வளவு வேலை செய் என்று பெட்டிக்குச் சொல்கிற அளவு மட்டுமே. சில வெள்ளிக்கு (ரிங்கிட்) கிடைக்கிற பிரிட்ஜ் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி, ஒரு கிளாஸ் தண்ணீருக்குள் போட்டு நடுத்தட்டில் ராத்திரி முழுக்க வைத்து, காலையில் யாரும் கதவைத் திறப்பதற்குள் பாருங்கள். 4 டிகிரி அல்லது அதற்குக் கொஞ்சம் கீழே இருக்க வேண்டும், ஃப்ரீசர் மைனஸ் 18. என் பெட்டி முதல் தடவை 9 காட்டியது! கதவு ரப்பர் தளர்ந்து போயிருந்தது. ஒரு வெள்ளி நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள், தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பரை மாற்றுகிற நேரம் வந்துவிட்டது.

தட்டுகளில் ஒரே ஒரு விதியைத்தான் கட்டாயம் என்பேன்: பச்சை இறைச்சியும் மீனும் அடித்தட்டில், சமைத்ததும் அப்படியே சாப்பிடுவதும் மேலே. பச்சைக் கோழியின் நீர் சொட்டினால் கீழே சொட்டட்டும், நேற்றைய சாம்பாரில் வேண்டாம். மார்க்கெட்டில் கட்டிக் கொடுத்த பிளாஸ்டிக் பையோடு வைப்பதும் கூடாது, அது எப்போதும் ஓட்டை, மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். எங்கள் அம்மா சாமிக்கு வாங்குகிற மல்லிகைப்பூவையும் வெற்றிலையையும் மேல்தட்டில் தனியாக வைத்து, கவுச்சி எதுவும் அந்தப் பக்கம் வரவே கூடாது என்பார். அவர் சொன்ன காரணம் வேறு, ஆனால் சுகாதாரப் பாடமும் அதே வரிசையைத்தான் சொல்கிறது.

மீனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கெம்போங், சூரை மாதிரி மீன்கள் பிடித்த பிறகு சூட்டில் கிடந்தால் அவற்றின் சதையில் ஹிஸ்டமின் சேரும். அது எவ்வளவு வேக வைத்தாலும், பொரித்தாலும் போகாது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து உடம்பு அரித்து, நாமோ "எனக்கு மீன் ஒத்துக்காது" என்று முடிவு கட்டிவிடுவோம், மீன் மேல் தப்பில்லை, அது வெயிலில் கிடந்த நேரத்தின் மேல்தான் தப்பு. மார்க்கெட்டில் மீனைக் கடைசியாக வாங்குங்கள், மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் ஐஸ் கட்டியோடு ஒரு குளிர்ப்பை வைத்துக்கொள்ளுங்கள், நடுவில் பசியாற உட்காராமல் நேரே வீடு. குடல் எடுத்துக் கழுவி ஈரம் ஒற்றி, அன்றைக்கோ மறுநாளோ சமைப்பதென்றால் அடித்தட்டு, இல்லையென்றால் உடனே ஃப்ரீசர். கோழி, துண்டு போட்ட ஆட்டிறைச்சி எல்லாவற்றுக்கும் ஒன்றிரண்டு நாள்தான் கணக்கு. சமைத்த கறிக்கு மூன்று நான்கு நாள். நான் டப்பா மூடியில் காகித டேப் ஒட்டித் தேதி எழுதிவிடுகிறேன், வீட்டில் சிரித்தார்கள், இப்போது அவர்களும் எழுதுகிறார்கள்.

கதவுதான் பெட்டியிலேயே சூடான இடம், ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் வெளிக்காற்று முதலில் படுவது அங்கேதான். சில்லி சாஸ், ஊறுகாய், தண்ணீர் போத்தல் அங்கே இருக்கட்டும். கதவில் முட்டைக்கென்று குழி வைத்தே விற்கிறார்கள், இருந்தாலும் முட்டையும் பாலும் உள்தட்டில்தான் நல்லது. தேங்காய்ப்பால், அதாவது நம் சந்தான், கடையில் பிழிந்து வாங்கியது என்றால் அன்றைக்கே முடித்துவிட வேண்டும், மிஞ்சினால் ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வையுங்கள், ரசத்துக்கோ சொதிக்கோ ரெண்டு கட்டி போதும். தோசை மாவு புளித்ததும் உள்ளே போகலாம், டப்பாவில் மூன்றில் ஒரு பங்கு காலியாக விடுங்கள், குளிரிலும் அது மெல்லப் பொங்கும். வழிந்த மாவைத் தட்டின் ஓரத்திலிருந்து சுரண்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கீரை, கங்கோங், சாவிக் கீரை எல்லாம் மார்க்கெட்டில் தண்ணீர் தெளித்தே விற்கிறார்கள், அந்த ஈரத்தோடு வைத்தால் இரண்டே நாளில் கொழகொழ. உதறி, துணியிலோ டிஷ்யூவிலோ சுற்றிக் கீழ் டிராயரில் வையுங்கள், பின்சுவரில் ஒட்டாமல், அங்கேதான் குளிர்காற்று வருகிறது, இலை உறைந்து கருகிவிடும். பழுக்கிற மாம்பழம், பப்பாளி, ஆப்பிள் எத்திலீன் வாயுவை வெளிவிடும், கீரையைச் சீக்கிரம் மஞ்சளாக்கும், ஆகவே வேறு டிராயர். வாழைப்பழம், வெங்காயம், உருளைக்கிழங்குக்கு உள்ளே வேலையில்லை.

பாலிக் புலாவ் டுரியான் காலத்தில் ஒரு வேண்டுகோள்: சுளைகளைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, அந்த டப்பாவையும் பைக்குள் கட்டி, ஃப்ரீசரில் வையுங்கள். டுரியான் மணக்கிற வெண்ணெயைத் தோசையில் தடவிச் சாப்பிட்ட அனுபவம் ஒரு தடவை போதும். கடையில் வாங்கிய நாசி கண்டார் (சோறும் கறியும்) பொட்டலம் மிஞ்சினால் என் வழக்கம், எடுத்து வைப்பதில்லை. கடையில் எத்தனை மணி நேரம் வெளியே இருந்தது என்று நமக்குத் தெரியாது, அன்று ராத்திரியே முடித்துவிட வேண்டும்.

பிரிட்ஜைப் பிதுங்கப் பிதுங்க அடைக்காதீர்கள், காற்று சுற்றினால்தான் குளிரும். ஃப்ரீசர் நேர்மாறு, நிறைந்திருந்தால் நல்லது. உறைந்த கோழியைக் காலையில் கழுவுதொட்டியில் போட்டுவிட்டு வேலைக்குப் போகாமல், முந்தின ராத்திரியே ஒரு கிண்ணத்தில் அடித்தட்டுக்கு இறக்குங்கள்.

மின்சாரம் போனால் கதவைத் திறந்து திறந்து பார்ப்பதுதான் பெரிய தப்பு. மூடியே இருந்தால் பிரிட்ஜ் 4 மணி நேரம் தாங்கும், நிறைந்த ஃப்ரீசர் 48 மணி, பாதி இருந்தால் 24. பல நாள் ஊருக்குப் போகிறவர்கள் ஒரு கப் தண்ணீரை ஃப்ரீசரில் உறைய வைத்து அதன் மேல் 20 காசு நாணயம் ஒன்றை வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது நாணயம் மேலேயே கிடந்தால் கவலையில்லை. கப்புக்கு அடியில் பனிக்குள் புதைந்து கிடந்தால், நீங்கள் இல்லாத நேரத்தில் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது, கோழியும் மீனும் எவ்வளவு கெட்டியாகத் தெரிந்தாலும் குப்பைக்குத்தான்.