பிக்சல் ஆர்ட் கமிஷனுக்கு விலை சொல்வது எப்படி?

பிக்சல் எனும் சிறு சதுரக் கட்டங்களை ஒவ்வொன்றாக நிரப்பி வரைவதுதான் பிக்சல் ஆர்ட்; வாடிக்கையாளர் கேட்டபடி வரைந்து கொடுக்கும் வேலையே கமிஷன். கேம் ஆர்ட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் படத்தின் அளவைப் பார்த்தே விலை சொல்லிவிடுகிறார்கள். 16×16-க்கு (அகலம் 16, உயரம் 16 பிக்சல்) ஒரு தொகை, 32×32-க்கு அதில் இரண்டு மடங்கு என்ற கணக்கு பார்க்க நியாயமாகத் தெரிந்தாலும் அடிப்படையிலேயே பிசகானது. 16×16 கட்டத்துக்குள் 256 பிக்சல்களும் 32×32-க்குள் 1,024 பிக்சல்களும் இருக்கின்றன. பரப்பு நான்கு மடங்காகிறது, ஆனால் உழைப்பு அந்த விகிதத்திலும் ஏறுவதில்லை. 16×16 முகத்தில் ஒரு கண் என்பது ஒரே ஒரு பிக்சல்தான். அதை ஒரு கட்டம் கீழே இறக்கினால் நிமிர்ந்து பார்த்த வீரன் தலைகுனிந்து நிற்பவனாகிவிடுவான். அந்த ஒரு கட்டம் எங்கே அமைய வேண்டும் என்று முடிவு செய்வதிலேயே அரை மணி நேரம் கரைந்துவிடும். ஆகவே விலைக்கு நேரத்தை அடிப்படையாகக் கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் மணிநேர ரேட்டைக் கண்டறிய வேண்டும். ஒரு மாதத்துக்கு உங்களுக்குத் தேவைப்படும் தொகையை, வரி, மென்பொருள், இணையம், சேமிப்பு எல்லாவற்றையும் சேர்த்து எழுதிக்கொண்டு, அதை நீங்கள் வேலை செய்யும் மணி நேரத்தால் அல்ல, அந்த மாதத்தில் பணம் கிடைக்கும் மணி நேரத்தால் வகுங்கள். வாரத்துக்கு 40 மணி நேரம் உட்கார்ந்தாலும், வாடிக்கையாளரைத் தேடுவது, மெயிலுக்குப் பதில் எழுதுவது, பயிற்சி செய்வது ஆகியவை போக, தொடக்கத்தில் 20 மணி நேரத்துக்குத்தான் கட்டணம் கிடைக்கும் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பானது.

அடுத்ததுதான் பலரும் ஏமாறும் இடம். “ஒரு கேரக்டர் வேண்டும், 32×32, நான்கு திசையிலும் நடக்க வேண்டும்” என்று ஒருவர் கேட்டால், அது ஒரு படம் அல்ல. அசைவைக் காட்ட அடுத்தடுத்து வரும் படங்களான ஃப்ரேம்களைத் திசைக்கு 6 வைத்தால் மொத்தம் 24 ஃப்ரேம்கள். வலப்பக்க நடையைக் கண்ணாடி பிம்பமாகத் திருப்பி இடப்பக்கத்துக்குப் பயன்படுத்தினால் 18 ஃப்ரேம் போதும். முன்புறத் தோற்றத்தை வடிவமைக்க 3 மணி நேரம், பக்கவாட்டுக்கும் பின்புறத்துக்கும் தலா 1 மணி நேரம், ஃப்ரேமுக்கு 20 நிமிடம் வீதம் நடைக்கு 6 மணி நேரம், திருத்தங்களுக்கு 2 மணி நேரம், எல்லா ஃப்ரேம்களையும் ஒரே படத்துக்குள் ஸ்பிரைட் ஷீட்டாக அடுக்கிக் கொடுக்க 1 மணி நேரம் என்று கூட்டினால் 14 மணி நேரம் ஆகிறது. முதல் தோற்றத்தை மட்டும் மனத்தில் வைத்து 3 மணி நேரத்துக்கு விலை சொன்னவர் மீதி 11 மணி நேரத்தையும் இலவசமாகவே உழைக்கிறார். அந்தக் கேரக்டரின் வலது கையில் வாள் இருந்தால் கணக்கு மறுபடியும் மாறும். பிம்பத்தைத் திருப்பியதும் வாள் இடது கைக்குத் தாவிவிடும். அதை வாடிக்கையாளர் ஏற்கவில்லையென்றால் இடப்பக்கத்தைத் தனியாக வரைய வேண்டும், கூடுதலாக 3 மணி நேரம். எனவே விலை சொல்வதற்கு முன்பே எத்தனை அசைவு, எத்தனை திசை, கையில் என்ன இருக்கிறது என்று கேட்டுவிடுங்கள்.

டைல்செட்டுக்கும், அதாவது கேமின் தரை போன்றவற்றை அடுக்கி உருவாக்க உதவும் சிறு படத்துண்டுகளின் (டைல்) தொகுப்புக்கும், இதே எச்சரிக்கை பொருந்தும். “புல்தரை” என்பது ஒரு டைல் அல்ல. ஓரங்களும் மூலைகளும் சேர்ந்தே அது தரையாகும். டைல்களின் எண்ணிக்கையை எழுத்தில் வாங்குங்கள்.

இணையத் தளம் வழியாகப் பணம் வந்தால் அதன் பிடித்தத்தையும் விலைக்குள் வையுங்கள். 20 சதவீதம் பிடிக்கும் தளத்தில் கைக்கு 100 வர வேண்டுமானால் 125 கேட்க வேண்டும். 120 கேட்டால் 96 தான் வரும்.

பேசி முடித்ததை ஒரு பக்கத்துக்குள் எழுதி இருவரும் ஒப்புக்கொள்ளுங்கள். இரண்டு சுற்றுத் திருத்தம் விலைக்குள் அடங்கும், அதற்கு மேல் மணிநேர ரேட் என்று குறிப்பிடுங்கள். வேலை தொடங்கும் முன் பாதித் தொகையை முன்பணமாகக் கேட்பதில் தயக்கமே வேண்டாம். முன்பணம் தர மறுப்பவர் மீதித் தொகையைத் தருவார் என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை. படங்களை அந்த ஒரு கேமில் பயன்படுத்தும் உரிமையும், முழு உரிமையையும் மாற்றித் தருவதும் வேறு வேறு; பின்னதற்குக் கூடுதல் விலை உண்டு. லேயர்களோடு (தனித்தனியாகத் திருத்தக்கூடிய பட அடுக்குகளோடு) கூடிய அசல் ஃபைலைத் தருவீர்களா, முடிந்த படமான பி.என்.ஜி. ஃபைல் மட்டும்தானா, உங்கள் போர்ட்ஃபோலியோவில் காட்டலாமா என்பவற்றையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள். “கேம் விற்றால் பங்கு தருகிறேன்” என்ற வாக்குறுதியைக் கூலியாகக் கணக்கிடாதீர்கள். அந்த கேம் வெளிவராமலே போகலாம்.

முதல் சில வேலைகளில் உங்கள் மதிப்பீடு நிச்சயம் தவறும். அதனால் ஒவ்வொரு வேலைக்கும் மதிப்பிட்ட நேரத்தையும் உண்மையில் ஆன நேரத்தையும் அருகருகே குறித்து வாருங்கள். 10 மணி நேரம் என்று நினைத்தவை தொடர்ந்து 14 ஆகின்றன என்றால், அடுத்த மதிப்பீட்டை 1.4-ஆல் பெருக்கிய பிறகே விலையைச் சொல்லுங்கள்.