அடாப்டரைப் பார்க்காமல் நிரலைத் திருத்தாதீர்கள்

சென்ற மாதம் இரண்டு இளைஞர்கள் பினாங்கு ஜோர்ஜ்டவுனில் உள்ள என் வீட்டுக்கு, தாங்களே செய்த செடிக்கு நீர் ஊற்றும் கருவியோடு வந்து, "அண்ணே, புரோகிராம்ல எங்கயோ தப்பு இருக்கு, மூணு நாளா தேடுறோம்" என்றனர். பம்பு கிளம்பியதும், அதை இயக்கி நிறுத்தும் மின் சுவிட்சான ரிலே டக் டக்கென்று அடித்தது. கருவி அணைந்து மீண்டும் உயிர் பெற்றது. அந்தச் சத்தம் எனக்கு மிகவும் பழக்கமானது என்பதால், நிரலைத் திறந்துகூடப் பார்க்காமல், மின்சாரம் தரும் அடாப்டரைத்தான், அதாவது சார்ஜரைத்தான், முதலில் பார்த்தேன். நேர், எதிர் முனைகளை மாற்றிப் பொருத்துவது போன்ற தவறுகளை ஒருமுறை புகை கிளம்பினாலே எவரும் விட்டுவிடுவர். அவற்றை இங்கே எழுதப் போவதில்லை. தெரியாமலே திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகளைத்தான் எழுதுகிறேன்.

மோட்டாருக்கும் பலகைக்கும் ஒரே சார்ஜர்

தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குச் செல்லும் வழியில் நண்பர்கள் போடும் தண்ணீர்ப் பந்தலுக்காக, குவளையை நீட்டினால் மோர் ஊற்றும் பொறி ஒன்றை ஓர் ஆண்டு செய்திருந்தேன். குவளையைக் கண்டறியும் அகச்சிவப்பு உணரி, நிரலை ஓட்டும் சிறு கணினியான ஈஎஸ்பி32 பலகை, ரிலே, சிறு பம்பு ஆகிய அனைத்துக்கும் 5 வோல்ட், 1 ஆம்பியர் கைப்பேசி சார்ஜர் ஒன்றே மின்சாரம் கொடுத்தது. வீட்டில் வெறும் தண்ணீரை வைத்துச் சோதித்தபோது எந்தக் குறையும் தெரியவில்லை. பந்தலிலோ மோர் கெட்டியாக இருந்தது. அதில் மிதந்த கறிவேப்பிலையும் இஞ்சித் துருவலும் பம்பைத் திணறடித்தன. குவளைக்கு இரண்டு மிடறு ஊற்றிவிட்டுப் பொறி நின்றது, மறுபடி கிளம்பியது, மறுபடி நின்றது. வரிசை நீண்டுகொண்டே போக, கடைசியில் அத்தை ஒருவர், "தள்ளுப்பா, நான் அகப்பையிலயே ஊத்துறேன்" என்று என்னை ஓரங்கட்டினார்.

அதன் பிறகு நான் செய்ததுதான் இன்றும் எரிச்சலூட்டுகிறது. நான்கு இரவுகள் நிரலைத் திருத்தினேன், உணரியை மாற்றினேன், பலகை பழுதென்று முடிவு கட்டி அடுத்தடுத்து இரண்டு புதிய பலகைகளை வாங்கினேன். ஒவ்வொரு முறை அணைந்து எழும்போதும், 'பிரவுன்அவுட் டிடெக்டர் வாஸ் டிரிக்கர்ட்' என்று பலகை கணினித் திரையில் எழுதிக் காட்டியது. மின்னழுத்தம் போதவில்லை என்பதுதான் அதன் பொருள். ஏதோ வழக்கமான அறிவிப்பு என்று நினைத்து அதைக் கடந்து போனேன்.

நின்றிருக்கும் மோட்டார் சுழலத் தொடங்கும்போதும், அடைபட்டுத் திணறும்போதும், சீராக ஓடும்போது எடுப்பதைப் போலப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். அதைத் தாங்க முடியாமல் சார்ஜரின் 5 வோல்ட் சரியும். பலகையிலுள்ள மின்னழுத்தச் சீராக்கிக்கு 3.3 வோல்ட் தருவதற்கு உள்ளே ஏறத்தாழ 4.4 வோல்ட்டாவது வர வேண்டும். அது கிடைக்காதபோது பலகை தன்னை அணைத்துக்கொள்ளும். உடனே ரிலேயும் விடுபட, சுமை நீங்கி மின்னழுத்தம் மீள, பலகை விழித்தெழுந்து, குவளை இன்னும் எதிரே இருப்பதைக் கண்டு பம்பை மறுபடி இயக்கும். ரிலேயை விலக்கிப் பம்பை நேரடியாகச் சார்ஜரில் இணைத்து மல்டிமீட்டரை வைத்தபோது, எண் 3.9-இல் நின்றது. இரண்டு நிமிட வேலை.

பம்புக்குத் தனி மின்மூலம் கொடுங்கள். சாதாரணமாக ஓடும்போது அது எடுக்கும் மின்னோட்டத்தைப் போல இரண்டு, மூன்று மடங்கு தரக்கூடியதாக அது இருக்கட்டும். மோட்டாரின் முனைகளுக்குக் குறுக்கே, மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் 1என்4007 டையோடு ஒன்றைத் தலைகீழாகப் பொருத்துங்கள். ரிலேக்குப் பதிலாக மொஸ்ஃபெட் என்னும் மின்னணு சுவிட்சை வைத்தால், இரண்டு மின்மூலங்களின் கிரவுண்டும் (எதிர் முனையும்) ஒன்றாக இணைந்திருக்க வேண்டும். இதை மறந்துவிட்டு மொஸ்ஃபெட்டைக் குறை சொல்பவர்கள் தனி இனம்.

பிரெட்போர்டில் (கம்பிகளைச் செருகிப் பார்க்கும் சோதனைப் பலகையில்) வீட்டு மின்சாரம், 230 வோல்ட்

வேண்டாம்.

பழைய மடிக்கணினி செல்கள்

பாதுகாப்புச் சுற்று இல்லாத 18650 செல்லை (மடிக்கணினி பேட்டரிக்குள் இருக்கும் உருளை வடிவ லித்தியம் செல்), 4.2 வோல்ட்டில் தானே நிறுத்தாத எந்தச் சார்ஜரிலும் போடாதீர்கள்.

பெட்டி

நம் ஊர் ஈரப்பதத்துக்குப் பயந்து, பலரும் கருவியைச் சாப்பாட்டு டப்பாவில் போட்டு இறுக மூடிவிடுகிறார்கள். உள்ளே அடைபட்ட ஈரக் காற்று, மழை பெய்து டப்பா குளிரும்போது மூடியில் துளியாகக் கோத்துப் பலகைமேல் சொட்டும். அடிப்பக்கத்தில் இரண்டு சிறு துளைகள் இட்டு, கொசுவலைத் துண்டால் மூடிவிடுங்கள். வலை ஒட்டாத என் முதல் பெட்டியைத் திறந்தபோது, ரிலேக்கும் சுவருக்கும் நடுவே இரண்டு பல்லி முட்டைகள் ஒட்டியிருந்தன.