ஒருநாள் கிரிக்கெட்டின் தலைசிறந்த பவுலர் யார்? கூகுள் ஷீட்ஸில் நீங்களே கணக்குப் போடுவது எப்படி

வாட்ஸ்அப் குழுவில் இந்தச் சண்டை தொடங்கினால் முதலில் வந்து விழும் எண் 534. முரளிதரனின் மொத்த விக்கெட். உடனே ஒருவர் மெக்ராத்தின் சராசரி (ஒரு விக்கெட்டுக்குக் கொடுத்த ரன், குறைந்தால் நல்லது) 22.02 என்பார். இன்னொருவர் வக்கார் யூனிஸ் 13 முறை ஒரே போட்டியில் ஐந்து விக்கெட் எடுத்த சாதனையை எடுத்து வருவார். கடைசியில் ஒரு பெரியவர் ஜோயல் கார்னரின் சராசரி 18.84ஐப் போட்டுவிட்டுத் தூங்கப் போய்விடுவார். எல்லாரும் சொல்வது உண்மைதான், ஆளுக்கொரு அளவுகோல் என்பதால் சண்டை முடிவதே இல்லை.

எங்கள் குழுவில் ஓயாமல் நடந்த இந்தச் சண்டைக்காக நான் ஒரு ஷீட் செய்துவைத்தேன். செய்முறையைக் கேட்டவர்களுக்காக இந்தப் பதிவு. ஷீட் திறப்பது, ஃபார்முலாவைக் கீழே இழுப்பது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்றே வைத்துக்கொள்கிறேன்.

எதில் செய்வது? கூகுள் ஷீட்ஸ் போதும். லிப்ரே ஆஃபீஸும் நன்றாகவே வேலை செய்யும். பைத்தான் என்ற நிரல்மொழியைக் கற்றுக்கொண்டுதான் தொடங்குவேன் என்று அடம்பிடிக்காதீர்கள், முப்பது நாற்பது பவுலர்களுக்கு அது தேவையே இல்லை. ஃபோனில் மட்டும் முயல வேண்டாம், கண் வலிதான் மிஞ்சும்.

படி 1: தரவை எடுப்பது

கிரிக்இன்ஃபோ இணையதளத்தின் ஸ்டாட்ஸ்குரு என்ற புள்ளிவிவரப் பக்கத்தில் ஒருநாள் போட்டி, பந்துவீச்சு என்று தேர்ந்தெடுத்து, வரும் அட்டவணையை நகலெடுத்து ஒட்டுங்கள். பெயர், ஆடிய காலம், ஓவர், ரன், விக்கெட் இருந்தால் போதும். சராசரி, எகானமி (ஓவருக்குக் கொடுத்த ரன்), ஸ்ட்ரைக் ரேட் (ஒரு விக்கெட்டுக்கு ஆன பந்துகள்) மூன்றையும் நாமே கணக்கிடப் போகிறோம்.

ஒட்டும் முன் ஒரு வேலை. சிறந்த பந்துவீச்சு என்ற பத்தியையும் எடுப்பதாக இருந்தால், அந்தப் பத்தி முழுவதையும் முதலில் 'வெறும் எழுத்து' வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் 1993 ஹீரோ கோப்பை இறுதிப் போட்டியில் கும்ப்ளே எடுத்த 6/12 (12 ரன்னுக்கு 6 விக்கெட்), ஷீட்டில் டிசம்பர் ஆறாம் தேதியாகவோ ஜூன் பன்னிரண்டாம் தேதியாகவோ மாறி உட்கார்ந்துவிடும். ஒட்டிய பிறகு வடிவத்தை மாற்றினால் பழைய எண் அப்படியே திரும்பி வரும் என்று நம்ப முடியாது.

படி 2: ஓவரைப் பந்தாக்குவது (இங்கே நிதானமாக வாருங்கள்)

என்னை ஒரு மாலை முழுவதும் உட்காரவைத்தது இந்தப் படிதான். ஸ்கோர்கார்டில் 9.4 ஓவர் என்றால் ஒன்பது ஓவர், நான்கு பந்து. மொத்தம் 58 பந்துகள். ஷீட்டுக்கு அது தெரியாது, அது பாட்டுக்கு ஒன்பதும் பத்தில் நாலு பங்கும் என்று எடுத்துக்கொள்ளும். மூன்று போட்டிகளில் 9.4, 9.4, 9.4 வீசிய ஒருவருக்கு ஷீட் கூட்டித் தருவது 28.2. உண்மையில் அவர் வீசியது 174 பந்துகள், அதாவது சரியாக 29 ஓவர். போட்டி போட்டியாகக் கூட்டும்போது இந்தப் பிழை சேர்ந்துகொண்டே போகும்.

தீர்வு: ஓவர் எண்ணின் முழுப் பகுதியை 'இன்ட்' (INT) ஃபங்ஷனால் பிரித்து ஆறால் பெருக்குங்கள். மீதிப் பகுதியைப் பத்தால் பெருக்கி, அதை 'ரவுண்ட்' ஃபங்ஷனுக்குள் போட்டு, முன்னதோடு கூட்டுங்கள். ரவுண்ட் எதற்கு என்று கேட்கலாம். 9.1இலிருந்து 9ஐக் கழித்தால் கணினிக்குள் வருவது 0.1 அல்ல, அதற்கு இம்மியளவு குறைவான ஓர் எண். அங்கேயும் இன்ட் போட்டால் அந்த ஒரு பந்து காணாமல் போகும் அபாயம் உண்டு.

சரிபார்க்க இரண்டு எண்கள்: கார்னரின் 888.2 ஓவருக்கு 5330 பந்துகள் வர வேண்டும். முரளியின் 3135.1 ஓவருக்கு 18811.

படி 3: சராசரியை உடைத்துப் பார்ப்பது

எகானமியை ஸ்ட்ரைக் ரேட்டால் பெருக்கி ஆறால் வகுத்தால் சராசரி வந்துவிடும். வராவிட்டால் எங்கோ ஃபார்முலா தப்பு.

உடைத்துப் பார்த்தால்தான் சுவாரசியம். ஆம்ப்ரோஸின் சராசரி 24.12, வக்காரின் சராசரி 23.84. கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் ஆம்ப்ரோஸ் ஓவருக்கு 3.48 ரன் கொடுத்து 41.5 பந்துக்கு ஒரு விக்கெட் எடுத்தார். வக்கார் 4.68 ரன் கொடுத்து 30.5 பந்துக்கு ஒன்று. ஒரு பவுலருக்கு உள்ள பத்து ஓவர் கோட்டா என்று பார்த்தால் ஆம்ப்ரோஸ் சுமார் 35 ரன்னுக்கு ஒன்றரை விக்கெட், வக்கார் 47 ரன்னுக்கு இரண்டு. அரை விக்கெட்டுக்குப் பன்னிரண்டு ரன் விலை தகுமா? 180 ரன்னைக் காப்பாற்ற வேண்டுமானால் நான் வக்காரிடம்தான் பந்தைக் கொடுப்பேன், ஏனென்றால் அங்கே ஆல் அவுட் ஆக்காமல் ஜெயிக்க முடியாது. 280 கையில் இருந்தால் ஆம்ப்ரோஸ்.

படி 4: காலத்தைச் சரிக்கட்டுவது

கார்னர் ஓவருக்கு 3.09 ரன் கொடுத்தார், மலிங்கா 5.35 கொடுத்தார் என்று அப்படியே ஒப்பிடுவது அநியாயம். 1980களில் பொதுவாகவே ஓவருக்கு நாலரை ரன்னைச் சுற்றித்தான் அடித்தார்கள். 2010களில் அது ஐந்தைத் தாண்டியது. 2011 அக்டோபர் முதல் இரு முனைக்கும் தனித்தனிப் புதுப்பந்து வந்ததால் எந்தப் பந்தும் 25 ஓவருக்கு மேல் பழசாவதில்லை, ரிவர்ஸ் ஸ்விங் (பழைய பந்தைக் காற்றில் வளைப்பது) ஏறக்குறைய ஒழிந்துபோனது. (2025இல் அந்த விதியைத் திருத்தி, 34 ஓவருக்குப் பிறகு ஒரே பந்து என்று கொண்டுவந்தார்கள். ரிவர்ஸ் ஸ்விங்குக்குப் பேர்போன வக்கார் இதைப் பார்த்துச் சிரித்திருப்பார்.)

எனவே ஒவ்வோர் ஆண்டுக்கும் உலகின் எல்லா பவுலர்களுடைய மொத்த ரன், பந்து, விக்கெட்டை ஸ்டாட்ஸ்குருவிலிருந்து எடுத்துத் தனி ஷீட்டில் வையுங்கள். பிறகு பவுலரின் ஆண்டுவாரிக் கணக்கை எடுங்கள். அந்த ஆண்டின் பொது எகானமியை அவர் வீசிய ஓவர்களால் பெருக்கினால் 'எதிர்பார்த்த ரன்' கிடைக்கும். எல்லா ஆண்டுகளுக்கும் கூட்டி, அவர் உண்மையில் கொடுத்த ரன்னை அதனால் வகுங்கள். ஒன்றுக்குக் கீழே எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவு நல்லது. விக்கெட்டுக்கும் இதேபோல், ஆனால் அங்கே ஒன்றுக்கு மேலே போனால் நல்லது.

ஆண்டுவாரிச் சராசரிகளைக் கூட்டி எண்ணிக்கையால் வகுக்கும் குறுக்குவழி வேண்டவே வேண்டாம். அக்ரம் 1984 முதல் 2003 வரை ஆடியவர். அவர் சில போட்டிகளே ஆடிய ஆண்டும் நிறையப் போட்டிகள் ஆடிய ஆண்டும் சமமாகிவிடும்.

படி 5: வெட்டுக்கோடு

குறைந்தபட்சத் தகுதி என்று ஒன்று வைத்துத்தான் ஆக வேண்டும், அது பல நேரம் வெற்றியாளரையே தீர்மானித்துவிடும். 150 விக்கெட் என்று வைத்தால் கார்னர் (146), ஹோல்டிங் (142) இருவரும் வெளியே. அவர்கள் காலத்தில் ஒருநாள் போட்டிகளே குறைவு, அது அவர்கள் குற்றமா? நான் 5000 பந்துகள் என்று வைத்தேன். இருவரும் உள்ளே வருகிறார்கள்.

எதிரணியையும் கவனியுங்கள். மெக்ராத்தின் சிறந்த பந்துவீச்சு 7/15, 2003 உலகக் கோப்பையில் நமீபியாவுக்கு எதிராக. வாஸின் 8/19 வந்த அன்று ஜிம்பாப்வே எடுத்தது மொத்தமே 38. முன்னணி அணிகளுக்கு எதிரான கணக்கை மட்டும் தனியாக இன்னொரு ஷீட்டில் போட்டுப் பாருங்கள். ரஷீத் கான் முதல் ஷீட்டில் மிக மேலே நிற்பார், இரண்டாவதில் இறங்குவார். அவருக்குப் பெரிய அணிகளோடு ஆடக் கிடைத்த வாய்ப்பே குறைவு என்பதும் உண்மைதான்.

மதிப்பெண் முறை (உலகக் கோப்பைக்கு 20, ஐந்து விக்கெட்டுக்கு 10 என்பது போல) எனக்குப் பிடிக்காது. நமக்குப் பிடித்தவர் முதலில் வரும்வரை எண்களைத் திருகிக்கொண்டே இருப்போம். உலகக் கோப்பை முக்கியம் என்றால் அதைத் தனிப் பத்தியாக வையுங்கள்: மெக்ராத் 71, முரளி 68.

என் பட்டியலா? சிறந்த சராசரிக்கு கார்னர். ஆனால் அணியில் ஒரே ஒருவரைத்தான் எடுக்கலாம் என்றால் முரளி. பதினெட்டு ஆண்டுகள், 18811 பந்துகள், அப்புறமும் எகானமி 3.93. சக்லைன் முஷ்டாக் 21.78 என்ற சராசரியோடு இன்னும் மேலே பேசப்பட வேண்டியவர் என்பது என் தனிப்பட்ட குறை.

பிற்சேர்க்கை 1: முரளிக்கு 523தான் வருகிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். அணி என்ற இடத்தில் இலங்கையைத் தேர்ந்தெடுத்திருப்பீர்கள். ஆசிய லெவன், உலக லெவன் அணிகளுக்காக எடுத்த 11 விக்கெட் அதில் சேராது. அணியை வெறுமையாக விடுங்கள்.

பிற்சேர்க்கை 2: போட்டிக்கு எத்தனை விக்கெட் என்ற அளவைச் சேர்க்கலாமா என்ற கேள்விக்கு: வேண்டாம். 1983 வரை உலகக் கோப்பைகளில் 60 ஓவர் ஆட்டம், ஒருவர் 12 ஓவர் வரை வீசலாம். 1979 இறுதிப் போட்டியில் கார்னர் 5/38 எடுத்தது 11 ஓவர்களில். பந்துக் கணக்கில் இந்தச் சிக்கல் வராது.

பிற்சேர்க்கை 3: மகளிர் போட்டிக்கும் இதே ஷீட் பொருந்தும். ஜூலன் கோஸ்வாமியின் 255 விக்கெட்டைப் போட்டுப் பாருங்கள். ஆனால் படி 4இல் வரும் பொதுக் கணக்கை மகளிர் போட்டிகளிலிருந்து புதிதாக எடுக்க வேண்டும். ஆண்கள் கணக்கை அப்படியே விட்டுவைத்தால் விகிதங்கள் எல்லாமே தப்பாகிவிடும்.